துலாக்கோலைக் கீழே வைக்காதீர்





இம்மாதத் தம்ம உரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் பணத்தைப் பற்றியது. தம்மம் பேச வேண்டிய பக்கத்தில் பணத்திற்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். பகவன் புத்தர் துறவியர்க்கு மட்டுமே உபதேசம் செய்தவர் அல்லர். கோலியர் நாட்டுக் கக்கரபத்தம் என்னும் ஊரில் தீகஜாணு என்ற இல்லறத்தான் அவரை அணுகி, மனைவி மக்களோடு வாழும் எளியோர்க்குரிய நெறியைக் கேட்டான். அவனுக்கு இம்மை நலத்தின் பொருட்டுப் பகவர் அருளியவை நான்கு. சோர்வில்லாத முயற்சி ஒன்று. ஈட்டியதைக் காத்தல் இரண்டு. நல்லோர் நட்பு மூன்று. வரவுக்குத் தக்க வாழ்வு நான்கு. அங்குத்தர நிகாயத்தில் இன்றும் இது காணக் கிடைக்கிறது.

இந்நான்கனுள் இரண்டாவதைப் பற்றியே நாம் இன்று பேசப் புகுந்தோம். அக்காலத்தில் பொருளுக்குப் பகையாய் எண்ணப்பட்டவை கள்வர், நெருப்பு, வெள்ளம் முதலியன. இக்காலத்திலோ பொருள் வெளியேறுவதற்கு மற்றுமொரு வாயில் உண்டாகியிருக்கிறது. பூட்டை உடைக்காமல், சுவரில் கன்னம் வைக்காமல், வீட்டுக்குடையவர் தம் கையாலேயே கையொப்பமிட்டுப் பொருளைக் கொடுத்து அனுப்பும் வாயில் அது. அங்ஙனம் கொடுக்கச் செய்வது பெரும்பாலும், விஷயம் தெரிந்தவர் என்று நாம் நம்பிய ஒருவருடைய சொல்.

முப்பது ஆண்டுகள் உழைத்த ஒருவர் ஓய்வு பெறுகிறார். பிராவிடண்டு பண்டும் கிராஜுவிட்டியும் ஒரே தொகையாக அவர் கணக்கில் வந்து சேர்கின்றன. அத்தனை பெரிய தொகையை அவர் வாழ்நாளில் அதற்கு முன் கண்டதில்லை. அதற்குப் பின் காணப்போவதும் இல்லை. மகளின் திருமணம், ஒழுகும் கூரை, மனைவியின் மருந்துச் செலவு, தம் முதுமைச் சோறு ஆகிய அனைத்தும் அந்த ஒரு தொகைக்குள் அடங்கியிருக்கின்றன. அந்த வாரமே விருந்தினர் வரத் தொடங்குவர். ஒருவர் பங்குச் சந்தை என்பார். ஒருவர் நிலம் என்பார். ஒருவர் மாதம் தவறாத வட்டி என்பார். ஒவ்வொருவர் கையிலும் வண்ணத்தாள் ஒன்று, பெயருக்குப் பின்னால் சில எழுத்துக்கள். அந்நேரத்தில் கேட்பவருடைய உள்ளத்துள் நிகழ்வது யாது? இதனை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்க நாட்டின் அட்லாண்டா நகரிலுள்ள எமரி சர்வகலாசாலையைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் சிலர் 2009-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். எங்கெல்மன், காப்ரா, நூசேர், பெர்ன்ஸ் என்போர் அதன் ஆசிரியர்கள். 24 பேரை ஒருவர்பின் ஒருவராகக் காந்தப் படக்கருவிக்குள் படுக்கவைத்து, அவர்கள் பணத்தைப் பற்றி முடிவு செய்யும்போது மூளையின் எந்தெந்தப் பகுதிகள் எவ்வாறு வேலை செய்கின்றன என்று கண்டார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை எளியது. உறுதியாகக் கிடைக்கும் ஒரு சிறு தொகை. அல்லது கிடைத்தால் பெருந்தொகை, தவறினால் குறைவு என்றிருக்கும் ஒரு சீட்டு. இவ்விரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். சில வேளைகளில் அவர்கள் தாமாகவே முடிவு செய்தனர். சில வேளைகளில் பொருளாதார வல்லுநர் ஒருவருடைய ஆலோசனை, "ஏற்றுக்கொள்" என்றோ "தள்ளிவிடு" என்றோ, அவர்கள் கண்முன் காட்டப்பட்டது.

கண்டது யாதெனில், தாமாக முடிவு செய்தபோது, மூளையில் மதிப்பிடும் தொழிலோடு தொடர்புடைய சில பகுதிகளின் இயக்கம், முன்னிருந்த சீட்டின் மதிப்புக்கு ஏற்றபடி ஏறியும் இறங்கியும் வந்தது. அஃதாவது, உள்ளே ஒரு துலாக்கோல் நிறுத்துக்கொண்டிருந்தது. வல்லுநர் சொல் கண்முன் வந்தபோதோ, அந்த ஏற்ற இறக்கத்திற்கும் சீட்டின் மதிப்புக்கும் இடையே இருந்த தொடர்பு காணப்படவில்லை. அவர்களுடைய தேர்வும் ஆலோசனையின் பக்கமே சாய்ந்தது. நிறுக்கும் சுமையைப் பிறர் தலைமேல் இறக்கி வைத்தாற்போல் மூளை நடந்துகொண்டது என்பது அவ்வாராய்ச்சியாளர் கொண்ட முடிவு.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி மற்றொன்று உண்டு. அந்த வல்லுநர் கூறிய ஆலோசனை மிகவும் எச்சரிக்கையானது. ஆயினும் மிகுந்த பணம் ஈட்டுவதற்கு அது சிறந்த வழியன்று. நாம் விளங்கிக்கொள்ள ஓர் உதாரணம் சொல்லுவோம். ஒரு பக்கம் 200 ரூபாய் உறுதி. மறுபக்கம் ஒரு குடத்தில் 100 சீட்டுகள். அவற்றுள் 60 சீட்டுகளுக்கு 500 ரூபாய், எஞ்சிய 40-க்கு ஒன்றுமில்லை. ஒரே ஒரு முறை எடுப்பவர் அஞ்சி 200 ரூபாயை ஏற்கலாம், அதில் தவறில்லை. பலமுறை எடுப்பவருக்கோ குடமே சராசரியாக 300 ரூபாய் தரும். "எப்பொழுதும் உறுதியானதையே எடு" என்று ஒருவர் கூறினால், அச்சொல் நல்லெண்ணத்தோடு பிறந்ததேயாயினும், கேட்பவருடைய தேவைக்குப் பொருந்தியதா என்று நிறுத்துப் பார்த்தே ஆக வேண்டும். சொல்லுபவர் நேர்மையாளராய் இருந்தும், கற்றவராய் இருந்தும், அவர் சொல் நமக்கு ஏற்றதாய் இல்லாமற் போகலாம் என்பதே இதன் கருத்து.

அளவுக்கு மீறி இதனை நாம் விரித்துரைத்தலும் ஆகாது. 24 பேரைக் கொண்டு மானிடர் அனைவரையும் அளந்துவிட முடியாது. மூளை உறங்கிவிட்டது என்றோ, வல்லுநரைக் கேட்பவர் அறிவிலிகள் என்றோ அந்த ஆராய்ச்சி கூறவில்லை. நம்பிய ஒருவர் சொல் முன்னே நிற்கையில், நம் சொந்த மதிப்பீடு தளர்ந்து பின்வாங்கக்கூடும் என்ற அளவே அதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது. அந்த அளவே நமக்குப் போதும். ஏனெனில் வாழ்வில் அதனை நாம் நாள்தோறும் காண்கிறோம்.

அன்பர்களே! நம்புதல் குற்றம் என்று நாம் கூறவில்லை. மருத்துவர் சொல்லை நம்பி மருந்து உண்கிறோம். கொத்தனார் சொல்லை நம்பி அடித்தளம் இடுகிறோம். ஒவ்வொன்றையும் தானே அறிந்துதான் செய்வேன் என்பவன் ஒரு நாளும் வாழ முடியாது. தம்மத்திலும் சிரத்தைக்கு இடமுண்டு. ஆயின் சிரத்தை எந்தப் படியில் நிற்க வேண்டும், அதற்குப் பின் என்ன வர வேண்டும் என்பதைப் பகவர் தெளிவாக வகுத்திருக்கிறார்.

மஜ்ஜிம நிகாயத்தில் சங்கி சுத்தம் என்று ஒன்று உண்டு. கோசல நாட்டு ஓபாசாதம் என்னும் ஊரில், பதினாறு வயதினனான காபடிகன் என்ற பிராமண இளைஞன் பகவரிடம் வழக்காடுகிறான். பழமையாக வழங்கிவரும் சொல் ஆதலால் அதுவே உண்மை என்று முன்னோர் கூறுகின்றனரே என்கிறான் அவன். அவ்வழியில் வந்தோருள் ஒருவராவது தாமே கண்டவர் உண்டோ என்று பகவர் வினவுகிறார். இல்லை என்கிறான். அவ்வாறாயின் அது ஒருவரை ஒருவர் பற்றிக்கொண்டு செல்லும் குருடர் வரிசை போன்றதாகும் என்று அவர் காட்டுகிறார். முன்னே போகிறவரும் காணவில்லை. நடுவே போகிறவரும் காணவில்லை. பின்னே போகிறவரும் காணவில்லை. எனினும் ஒவ்வொருவரும் தமக்கு முன்னுள்ளவர் காண்கிறார் என்றே எண்ணிக்கொண்டிருக்கின்றனர்.

பின்னர் அவ்விளைஞனுக்குப் பகவர் ஒரு வழி கூறுகிறார். போதிக்க வரும் ஒருவரை நம்புவதற்கு முன், அவரிடத்தில் மூன்றை ஆராய வேண்டும். இவர் உள்ளத்தில் ஆசை உண்டா? அறியாததையும் அறிந்தேன் என்று சொல்லும்படி, பிறரைத் தீங்கில் செலுத்தும்படி அவ்வாசை இவரைத் தூண்டுமா? வெகுளி உண்டா? மயக்கம் உண்டா? இம்மூன்றும் இல்லை என்று கண்ட பின்னரே சிரத்தை பிறக்கலாம். சிரத்தை பிறந்தபின் அணுகுதல், செவி கொடுத்தல், கேட்டதை மனத்தில் தரித்தல், பொருளை ஆராய்தல் என்று படிகள் ஏறிச் செல்கின்றன. பன்னிரண்டு படிகள் கொண்ட அந்த ஏணியில், சிரத்தைக்கு மேலே 'துலனை' என்று ஒரு படி இருக்கிறது. துலனை என்றால் நிறுத்துப் பார்த்தல். நம் தமிழில் வழங்கும் துலாம், துலாக்கோல் என்னும் சொற்களுக்கும் அதற்கும் உள்ள உறவு சொல்லாமலே விளங்கும்.

இதனைச் சிந்தியுங்கள். சிரத்தையும் துலனையும் ஒரே ஏணியின் இரு படிகள். சிரத்தை வந்துவிட்டது, ஆதலால் நிறுக்க வேண்டா என்று பகவர் கூறவில்லை. சிரத்தை வந்தபின் நிறுக்கும் வேலை இன்னும் இருக்கிறது என்று கூறினார். அட்லாண்டாவில் கருவிக்குள் படுத்திருந்தவரிடம் கண்டது யாது? முதற்படியில் கால் வைத்ததும் மேற்படிகள் மறைந்து போயின. நாம் காக்க வேண்டியது அந்த மேற்படிகளையே.

குருடர் வரிசை பழங்கதை என்று எவரும் எண்ண வேண்டா. நியூயார்க் நகரில் பெர்னார்டு மேடாப் என்றொருவர் இருந்தார். நாஸ்டாக் என்னும் பங்குச் சந்தைக்கு ஒரு காலத்தில் தலைவராய் இருந்தவர். ஏறாமலும் இறங்காமலும் ஆண்டுதோறும் சீரான ஆதாயம் காட்டிவந்தார். தனி மனிதர்கள், அறக்கட்டளைகள், வங்கிகள், பிறர் பணத்தை நிர்வகிக்கும் கைதேர்ந்த வல்லுநர்கள் எனப் பலரும் அவரிடம் பணத்தை ஒப்படைத்தனர். 2008 டிசம்பரில் அவர் கைதானபோது, கணக்குத் தாள்களில் காட்டப்பட்டிருந்த தொகை ஏறக்குறைய 6,500 கோடி டாலர். அத்தகைய செல்வம் உண்மையில் எங்கும் இருக்கவில்லை. புதிதாய் வந்தவர் பணத்தைப் பழையவர்க்கு ஆதாயமென்று கொடுத்துவந்ததே அவர் செய்த தொழில். 2009-இல் 150 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, 2021-இல் சிறையிலேயே இறந்தார்.

அங்கே சிறிய முதலீட்டாளர் தம் ஆலோசகரை நம்பினார். ஆலோசகர் தமக்கு மேலுள்ள நிதி நிறுவனத்தை நம்பினார். நிறுவனம் மேடாபை நம்பியது. யாரும் தாமே காணவில்லை. ஹாரி மார்க்கோபொலோஸ் என்ற ஒருவர் மட்டும் காகிதமும் எழுதுகோலும் எடுத்துக் கணக்கைத் தாமே போட்டுப் பார்த்தார். இவ்வளவு சீரான ஆதாயம் கணக்குக்கு ஒவ்வாதது என்று கண்டு, 2000-ஆம் ஆண்டு முதல் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையத்துக்குப் பன்முறை எழுதினார். ஆணையம் உரிய காலத்தில் செவி சாய்க்கவில்லை. வரிசையில் எத்தனை கற்றவர் நின்றாலும், நிறுத்துப் பார்த்தவர் இல்லையேல் அது குருடர் வரிசையே என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

நம் நாட்டிற்கு வருவோம். பேர்ல்ஸ் குழுமத்தைச் சேர்ந்த பி.ஏ.சி.எல். என்னும் நிறுவனம், விவசாய நிலம் வாங்கி வளர்த்துத் தருவதாகக் கூறி, ஏறத்தாழ 5 கோடியே 85 லட்சம் மக்களிடமிருந்து 49,100 கோடி ரூபாய் திரட்டியதாகச் செபி என்னும் பங்குச் சந்தை வாரியம் கண்டு, பணத்தைத் திருப்பித் தருமாறு 2014 ஆகஸ்டில் ஆணையிட்டது. பின்னர் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, நீதியரசர் லோதா தலைமையில் 2016-இல் ஒரு குழு அமைந்தது. இப்பெருந்தொகை பெரும்பாலும் எளிய மக்களிடமிருந்து ஏஜெண்டுகள் வழியே சிறுகச் சிறுகச் சேர்ந்தது. இத்தகைய திட்டங்கள் ஊருக்குள் நுழைவது அந்நியர் முகத்தோடு அன்று. மைத்துனர் முகத்தோடும், பக்கத்து வீட்டுக்காரர் முகத்தோடும், பள்ளி ஆசிரியர் முகத்தோடும் அவை வருகின்றன. "அவர் போட்டிருக்கிறார், அதனால் நானும் போட்டேன்" என்பதே எங்கும் கேட்கும் சொல். அந்த "அவர்" யாரைக் கண்டு போட்டார் என்று பின்னோக்கிச் சென்றால், வரிசையின் முதல்வரையும் கண்ணுள்ளவராகக் காண்பதரிது.

இனி நம் தமிழ்ப் பௌத்தப் பரம்பரை இதற்குக் காட்டும் வழியை நோக்குவோம். மணிமேகலைக் காப்பியத்தின் 27-ஆம் காதையில், வஞ்சி மாநகரில் மணிமேகலை பல சமயக் கணக்கரையும் அணுகி அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். எல்லோரும் தத்தம் நூலில் வல்லுநர்களே. அவள் எவரையும் கேளாமல் ஒதுக்கவில்லை. எவர் சொல்லுக்கும் கேட்டவுடன் தலைசாய்க்கவும் இல்லை. பூதவாதியின் கொள்கை ஒவ்வாதது கண்டு எதிர்வினாவும் தொடுக்கிறாள். பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகளை அடைகிறாள். அடிகள் அவளுக்கு முதற்கண் எடுத்துரைத்தது யாது? காட்சி, கருத்து என்னும் அளவைகளையும், ஒரு சொல் எப்பொழுது நிற்கும், எப்பொழுது வழுவும் என்பதையுமே முதலில் விரித்தார். நல்லாசிரியன் முதலில் மாணாக்கன் கையில் அளவுகோலைக் கொடுக்கிறான். பிறகே பொருளைக் கொடுக்கிறான். அளவுகோலை வாங்கி வைத்துக்கொண்டு பொருளை மட்டும் தருபவனிடம் எச்சரிக்கையாய் இருங்கள்.

பணநூலில் வல்லவரான பாபாசாகேப் அம்பேத்கரையும் இங்கே நினைவு கூரலாம். ரூபாயின் பிரச்சினையைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சி நூல் 1923-இல் வெளிவந்தது. 1925-இல் இந்திய நாணயத்தையும் நிதியையும் ஆராய வந்த அரச ஆணையத்தின் முன் அவர் சாட்சியம் அளித்தார். தம் முடிவை மட்டும் அறிவித்துவிட்டு அவர் எழுந்து சென்றாரில்லை. காரணங்களை எழுத்தில் வைத்து, குறுக்கு வினாக்களுக்கும் விடையிறுத்தார். வல்லுநர் என்பதன் இலக்கணம் இது. வினாவுக்கு அஞ்சாதவரே வல்லுநர். "உங்களுக்குப் புரியாது, கையெழுத்துப் போடுங்கள்" என்பவர் எத்தனை பட்டம் பெற்றிருப்பினும் அவ்விலக்கணத்திற்குப் புறம்பானவர்.

நாம் வந்த வழியும் வினாவின் வழியே. நாளந்தையைச் சார்ந்த உபாலி என்னும் செல்வர் பகவரின் சொல்லால் கவரப்பட்டு, அப்போதே உபாசகராக விரும்பினார். பகவரோ, நன்கு ஆராய்ந்த பின் முடிவு செய்க என்று அவரைத் தடுத்து நிறுத்தினார். தம்மிடம் வருபவனையே ஆராயச் சொன்ன ஆசானின் வழி வந்த நாம், ஏஜெண்டின் சொல்லை ஆராயாமல் ஏற்பது நம் சரணத்திற்கு அழகாகுமா?

இனிச் செய்யத்தக்கன சிலவற்றை வகுத்துரைப்போம்.

முதலாவது: பிறர் ஆலோசனையைக் கேட்பதற்கு முன்னரே நம் கணக்கை நாம் எழுதி வைத்தல். கையில் உள்ளது எவ்வளவு? எந்த ஆண்டில் எதற்கு வேண்டும்? எவ்வளவு போனால் அடுப்பு அணையாது? எவ்வளவு போனால் அணைந்துவிடும்? இந்நான்கையும் ஒரு தாளில் எழுதி, வீட்டிலுள்ளோர் அனைவரும் அறிய வைத்துக்கொள்ள வேண்டும். வல்லுநர் எதிரே அமர்ந்த பிறகு நிறுக்கத் தொடங்கினால் கை தளரும் என்று கண்டோமன்றோ? ஆதலின் அவர் வருமுன்பே நிறுத்துவிடுதல் நன்று.

இரண்டாவது: சங்கி சுத்தத்தின் மூன்று வினாக்களைச் சொல்லுபவர்பால் செலுத்துதல். "நான் இதில் பணம் போட்டால் உமக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று நேரே கேட்க வேண்டும். இது மரியாதைக் குறைவு ஆகாது. கமிஷன் பெறுபவர் எல்லோரும் தீயவர் அல்லர். ஆயின் அவருடைய துலாத்தட்டில் ஏற்கெனவே ஒரு கல் இருக்கிறது என்பதை நாம் அறிந்திருத்தல் அவசியம். முதலீட்டு ஆலோசகர்களுக்கென்று செபி 2013-இல் விதிகளை வகுத்து, பதிவு பெறுதலைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆகவே பதிவு எண்ணைக் கேளுங்கள். டெபாசிட்டு வாங்கும் நிறுவனமாயின், அதற்கு அதிகாரம் உண்டா என்று பார்ப்பதற்கு ரிசர்வ் வங்கி 2016-இல் தொடங்கிய 'சாசெட்' என்னும் இணையதளம் உதவும். வெகுளியும் இங்கே ஆராயத்தக்கதே. வினா எழுப்பினால் சினந்து பேசுபவர் எதையோ மறைக்கிறார் என்று ஐயுறுக. மயக்கம் என்பது அவருக்கே விஷயம் விளங்காமை; "ஆதாயம் எங்கிருந்து வருகிறது?" என்ற ஒரு கேள்வியில் அது வெளிப்பட்டுவிடும்.

மூன்றாவது: கேட்டதை நம் சொல்லில் திருப்பிச் சொல்லிப் பார்த்தல். வீட்டிற்கு வந்து, மனைவிக்கோ கணவர்க்கோ, வளர்ந்த பிள்ளைக்கோ, அத்திட்டம் எவ்வாறு நடக்கிறது என்று விளக்க வேண்டும். விளக்க முடியாமல், "அவர் நன்றாகத் தெரிந்தவர்" என்ற சொல்லில் பேச்சு வந்து நின்றால், நாம் நிறுக்கவே இல்லை என்பது உறுதி. மாதம் 100-க்கு 10 ரூபாய் என்றால், பத்தே மாதத்தில் முதல் முழுவதும் திரும்பிவிடும். எந்த வயல் அவ்வாறு விளைகிறது? எந்தக் கடை அவ்வாறு விற்கிறது? இது பேரறிவு வேண்டும் கணக்கன்று. சந்தையில் காய்கறி வாங்கும் எந்தத் தாயும் போடக்கூடிய கணக்கு.

நான்காவது: காலம் எடுத்துக்கொள்ளுதல். "இன்றோடு முடிகிறது" என்று சொல்லப்படும் எதற்கும் கையொப்பம் இட வேண்டா. ஏழு இரவுகள் கழியட்டும். ஆசை காய்ச்சல் போன்றது. சில நாளில் இறங்கும். இறங்கிய பின்னும் நல்லதாய்த் தோன்றுவதே நல்லது.

ஐந்தாவது: முழுவதையும் ஓரிடத்தில் வையாமை. சிகாலன் என்னும் இளைஞனுக்குப் பகவர் பொருளை நான்கு கூறாக்கும் நெறி கூறினார். ஒரு கூறு நுகர்வுக்கு, இரு கூறு தொழிலுக்கு, ஒரு கூறு ஆபத்துக் காலத்திற்கு என்பது அது. அளவுகள் இன்றைய வாழ்வுக்கேற்ப மாறலாம். ஆபத்துக்கென்று ஒரு கூறு தீண்டப்படாமல் நிற்க வேண்டும் என்பது மாறாது.

எழுத்தறியாதவர் இவற்றையெல்லாம் எங்ஙனம் செய்வர் என்று ஒரு தடை எழலாம். அவர்க்கும் வாயுண்டு, செவியுண்டு. தாம் அறியாததை அறியேன் என்று சொல்லுதல் வெட்கமன்று. வெட்கத்தினால் தலையசைத்து இழந்தவரே அதிகம். தனியே செல்லாமல் இருவராய் மூவராய்ச் சென்று கேட்கலாம். சங்கக் கூட்டத்தில், "இப்படியொரு திட்டம் வந்திருக்கிறது, யாருக்கேனும் விளங்குகிறதா?" என்று வெளிப்படையாய் வைக்கலாம். நல்லோர் நட்பைப் பகவர் மூன்றாவதாய் வைத்ததற்கு இது ஒரு பயன். ஆனால் அங்கும் கூட்டத்தார் சேர்ந்து நிறுக்க வேண்டுமேயன்றி, கூட்டத்தில் பெரியவர் ஒருவர் சொன்னதற்கு மற்றவர் தலையசைத்தல் ஆகாது. அது மீண்டும் குருடர் வரிசையே.

இறுதியாக, நம்முள் கற்றவர்களாய், வங்கியிலோ அலுவலகத்திலோ பள்ளியிலோ பணிபுரிபவர்களாய் இருக்கும் அன்பர்களுக்கு ஒரு சொல். இந்த உரையின் பெரும்பாரம் உங்கள்மேலேயே விழுகிறது. உங்களைப் பெரியவர் என்று நம்பும் ஏழை உறவினர் முன் நீங்கள் வாய் திறந்தவுடன், அவருடைய உள்ளத்துத் துலாக்கோல் தாழ வைக்கப்படலாம் என்று மேலே கண்டோம். ஆகவே உங்கள் ஒரு சொல்லுக்கு அவருடைய முப்பது ஆண்டு உழைப்பின் எடை உண்டு. அறியாததை அறிந்தேன் என்பது நான்காம் சீலத்திற்கு மாறானது. தம்மை நம்பியவரின் அறியாமையை விற்றுக் கமிஷன் உண்பது நல்வாழ்க்கை என்னும் மார்க்க அங்கத்திற்கு மாறானது. ஓர் உறவினர் உங்களிடம் ஆலோசனை கேட்டு வந்தால், "இதைச் செய்" என்று தொடங்காதீர்கள். "உமக்கு எவ்வளவு வேண்டும், எப்போது வேண்டும், எவ்வளவு இழக்கத் தாங்கும்?" என்று கேட்டுத் தொடங்குங்கள். உங்களுக்கு வரும் ஆதாயத்தை முதலில் சொல்லுங்கள். தெரியாதெனில் தெரியாது என்று கூறுங்கள். அவர் கையிலிருந்து துலாக்கோலை வாங்கிக்கொள்ளாமல், அதனை அவர் கையில் நேராகப் பிடித்துக் கொடுப்பதே நல்லோர் நட்பு.

அன்பர்களே! பிறர் விளக்கு நமக்கு வழிகாட்டலாம். நடப்பவை நம் கால்கள், விழுந்தால் நோவதும் நம் உடல். வல்லுநரைக் கேளுங்கள், வணக்கத்தோடு கேளுங்கள், வினாவோடு கேளுங்கள். கேட்ட பின்னும் நிறுக்கும் வேலை உங்களுடையதே. நேர்மையாய் ஈட்டிய பொருள் நேர்மையாய்க் காக்கப்பட்டு, முதியோர் முதுமை சோற்றுக்குக் கலங்காமல், பிள்ளைகள் கல்வி பாதியில் நில்லாமல், ஒவ்வோர் இல்லமும் அச்சமின்றித் தம்மத்தில் நிலைபெறுக.

எல்லா உயிரும் நலம் பெறுக. சாது! சாது! சாது!